தலையில்லாத வாத்து

ஐம்பத்தொரு வயதுக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தவர் அவர். திருடப் போனவரும் இல்லை, ரிப்பேர் பார்க்கப் போனவரும் இல்லை. குடும்ப நீதிமன்றம் அனுப்பிப் போனவர். கணவனும் மனைவியும் பிரிந்து, "பிள்ளை எனக்குத்தான்" என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கும்போது, எந்த வீட்டில் அது நன்றாக வளரும் என்று நீதிபதியே கிளம்பிப் போய்ப் பார்க்க முடியுமா? அதற்குத்தான் இவர். போவார், பார்ப்பார், பேசுவார், வந்து அறிக்கை எழுதுவார். பதவியின் பெயர் 'குழந்தை நல ஆய்வு அலுவலர்'. நீதிமன்ற வராந்தாவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. 'ஃப்ரிட்ஜ் மேடம்' என்று கேட்டால் கேண்டீன்காரர்கூட அறையைக் கைகாட்டுவார்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வரப்போகும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் அவர் போகிற வீடெல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளித்து முழுகி நிற்கும். முழங்கையில் காயாத பெயின்ட்டோடு அவர் ஆபீஸுக்குத் திரும்பாத வாரமே கிடையாது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் கடை ஸ்டிக்கர்கூடக் கிழியாத ஆப்பிள்கள், வரிசையாக, பல்படாமல்.

"இன்னைக்கு எத்தனை ஆப்பிள்?" என்பார் வீட்டில் கணவர். பஸ் டெப்போவில் நேரக் காப்பாளர். நேரம் தவறிச் சிரிப்பதில்கூட அவருக்கு விருப்பமில்லை.

"ஆறு. ஒரு பழத்துல பிள்ளையோட பல்தடம் இருந்துச்சு. நல்ல வீடு."

"நம்ம வீட்டுக்கு நீ ஆய்வுக்கு வந்தா என்ன எழுதுவ?"

"அப்பா ஆம்லெட்டைத் தவிர வேற எதுவும் செய்யத் தெரியாதவர்னு எழுதுவேன்."

ஜோடனைகளுக்கு நடுவே உண்மையைக் கண்டுபிடிக்க அவர் தனக்கென ஒரு வழி வைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கேயாவது ஓரிடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். குழந்தையின் உயரத்திலிருந்து வீட்டைப் பார்ப்பார். துண்டு மாட்டும் ஆணி அந்த உயரத்தில் இருக்கிறதா? கை கழுவும் தொட்டி எட்டுமா, எட்டாவிட்டால் ஏறி நிற்க ஏதாவது இருக்கிறதா? பெரியவர்கள் பெயின்ட் அடிக்கும்போது இடுப்புக்குக் கீழே அவ்வளவாகக் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் இந்த முறை மண் விழுந்தது.

வழக்கு இதுதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனை செய்பவர். பெண் குழந்தைக்கு எட்டு வயது. விவாகரத்துக்கு இருவரும் சம்மதித்தாகிவிட்டது. ஜீவனாம்சம் கேட்கவில்லை, அம்மாவுக்குச் சம்பளம் வருகிறது. மிக்ஸியை யார் எடுத்துக்கொள்வது என்பதுகூடச் சண்டை இல்லாமல் முடிந்தது. மிச்சம் இருந்தது வாண்டு ஒருத்திதான். அவளை முழுசாக என்னிடம் தர வேண்டும் என்று அப்பாவும் மனு போட்டிருந்தார், அம்மாவும் மனு போட்டிருந்தார். தீர்ப்பு வரும்வரை பள்ளி நாட்களில் அம்மா வீடு, சனி ஞாயிறு அப்பா வீடு.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜ் மேடம் அப்பா வீட்டுக்குப் போனார். ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை. அறை பளபளவென்றிருந்தது. சுவரில் பெரிய அருவிப் படம். ஜன்னலோரம் க்ரீம் நிறத்தில் ஒரு படிப்பு மேசை, மூன்று இழுப்பறைகளோடு. மேசையின் பக்கவாட்டில் ஒரு வாத்து ஸ்டிக்கர். வாத்துக்குத் தலை இல்லை, எந்தக் குழந்தையோ சுரண்டி எடுத்திருந்தது. முன்னால் வாண்டு முதுகை நிமிர்த்தி, போட்டோவுக்கு உட்கார்ந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"மேசை யாரோடது?" என்றார் மேடம்.

"பாப்பாவோடதுதாங்க மேடம்," என்றார் அப்பா. "நோட்டெல்லாம் இதுலதான். காட்டறேன் பாருங்க." நடு இழுப்பறையை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். மேசையே கூட வந்தது. "மழைக்கு ஊறிப்போச்சு போல..."

"நகருங்கப்பா," என்றாள் வாண்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழங்காலால் அடியிலிருந்து ஒரு இடி. இழுப்பறை வழுக்கிக்கொண்டு திறந்தது.

மேடத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இவ்வளவு பழக்கம் இருந்தால் இது இவள் மேசையேதான். அன்று சாயங்காலமே அறிக்கையின் முதல் பாகத்தை எழுதி அனுப்பினார்: 'குழந்தைக்குத் தனிப் படிப்பு மேசை உள்ளது. அதைக் குழந்தை சரளமாகப் பயன்படுத்துகிறது.'

வியாழக்கிழமை அம்மா வீடு. இரண்டு சிறிய அறைகள், ஒரு சமையலறை. அம்மா அன்று கடைக்கு லீவு போட்டிருந்தார். பள்ளி விட்டு வாண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்து ஒரு காலிலிருந்து ஷூவைக் கழற்றியிருந்தாள். கூடத்தில் க்ரீம் நிறத்தில் ஒரு படிப்பு மேசை. துணி விரிப்பு ஒன்று பாதியை மறைத்துத் தொங்கியது.

"இங்கதாங்க மேடம் படிப்பா," என்றார் அம்மா. "இருங்க, டிராயிங் நோட்டு காட்டறேன்." நடு இழுப்பறையை இழுத்தார். வரவில்லை. அசடு வழியச் சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தார்.

வாண்டு ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டு வந்தாள். குனிந்து, முழங்காலால் அடியில் ஒரு இடி. இழுப்பறை வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், உனக்கு எப்படித் தெரியும்? இது காலையிலதானே..." என்று தொடங்கி, வார்த்தையைப் பாதியில் விழுங்கினார்.

"அப்பா வீட்டுலயும் இது இப்படித்தான்மா பண்ணுச்சு, சனிக்கிழமையே கண்டுபிடிச்சுட்டேன்," என்றாள் வாண்டு. "இங்கயும் வந்துடுச்சா! வாத்து இருக்கா?" விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். தலையில்லாத வாத்து இருந்தது.

 அம்மா கொதித்தார். "பாருங்க மேடம்! அந்த ஆளு வாடகை மேசையைக் காட்டி உங்களையே ஏமாத்தியிருக்கார். இதை நீங்க எழுதணும்!"

"எழுதறேம்மா. இந்த மேசை?"

 அம்மா வாத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒரு கடை இருக்குங்க. கோர்ட்டுக்குப் பின்னாடி தெருவுல. வக்கீல் சொன்னார்."

எலியும் பூனையுமாக இரண்டு வருடம் கிடந்தவர்கள், ஒரே வாரத்தில் ஒரே கடைக்குப் போய் ஒரே மேசையை எடுத்திருக்கிறார்கள். மேடத்துக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. ஆனால் முதல் பாகத்தில் என்ன எழுதி அனுப்பினோம் என்பது நினைவுக்கு வந்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது. இருபது வருட வேலை. ஒரு முழங்காலை நம்பி ஏமாந்திருக்கிறார். இதை வைத்து நீதிபதி பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டால்? அல்லது குட்டு வெளிப்பட்டு, இரண்டு பேருமே பொய்யர்கள் என்று முடிவாகிவிட்டால்? விசாரணைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாண்டும் எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி கண்ணு, நெஜமா சொல்லு. வீட்டுப்பாடம் எங்க எழுதுவ?"

வாண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சொல்லு," என்றார்.

வாண்டு மேடத்தின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். வாஷிங் மெஷின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. அதைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் கால் வைத்து ஏறி, மெஷின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்துச் சமையல் மேடை அவளுக்குச் சரியான உயரத்தில் இருந்தது. மேடையின் விளிம்பில் வாய்ப்பாடு, ஸ்கெட்ச் பேனாவால்.

"அம்மா சமைப்பாங்க. நான் இங்க எழுதுவேன். தப்பு பண்ணா கரண்டியாலயே காட்டுவாங்க. மெஷின் ஓடும்போது மட்டும் எழுத்து ஆடும். டீச்சர் திட்டுவாங்க."

"இதைப் போய் எதுக்கும்மா மறைச்சீங்க?" என்றார் மேடம்.

"மெஷின் மேல உக்கார வெச்சுப் படிக்க வைக்கறாங்கன்னு எழுதிட்டீங்கன்னா?" என்றார் அம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலையே அதுதான் என்றாலும், அன்று கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார்.

வாசலுக்கு வந்ததும் மேடம் அப்பாவுக்கு போன் போட்டார். "தம்பி, நாளைக்கு மறுபடி வரேன். எதையும் மாத்தாதீங்க."

"வாங்க மேடம். அந்த மேசையை மட்டும் பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்..."

"தெரியும். இப்பத்தான் பார்த்துட்டு வரேன்."

அதோடு மேடம் போனை வைத்தார்.

மறுநாள் அந்த ஒற்றை அறையில் மேசை இருந்த இடம் காலியாக இருந்தது. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அருவிப் படமும் வாடகையா என்று மேடம் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார். "எதை மறைக்குது?"

அவர் படத்தை இறக்கினார். சுவரில், எட்டு வயதுப் பிள்ளையின் தோள் உயரத்தில், பழைய லிஃப்ட்டின் பித்தளைப் பொத்தான் பலகை ஒன்று பதித்திருந்தது. ஒன்றை அழுத்தினால் விளக்கு. இரண்டை அழுத்தினால் மின்விசிறி. மூன்றை அழுத்தினால் வாசல் மணி உள்ளேயே அடித்தது.

"மூணு எதுக்கு?"

"பசிச்சா அழுத்துவா மேடம்." குரல் இறங்கியது. "எல்லாம் பேட்டரியிலதான் ஓடுது, ஷாக் அடிக்காது. ஆனா பார்க்கறவங்க கரண்டுன்னு பயந்துடுவாங்கன்னு வக்கீல் சொன்னார்."

மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்றை அழுத்திப் பார்த்தார். இன்னொரு முறையும் அழுத்தினார். அது ஆய்வுக்குத் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை நீதிமன்ற அறை நிரம்பியிருந்தது. நீதிபதியம்மா குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயம். மேடம் எழுந்தார். "என்னோட முதல் அறிக்கையில ஒரு தப்பு இருக்குங்கம்மா. தனி மேசை இருக்குன்னு எழுதியிருந்தேன். அது வாடகை மேசை. அதே மேசை நாலு நாள் கழிச்சு இன்னொரு வீட்டுலயும் இருந்துச்சு."

அப்பாவின் வக்கீல் துள்ளி எழுந்தார். "எதிர்த்தரப்பு நீதிமன்றத்தையே ஏமாற்றியிருக்கிறார்கள்!" அம்மாவின் வக்கீல் அவருக்கு முன்னால் எழப் பார்த்து நாற்காலியைச் சாய்த்தார். "முதலில் ஏமாற்றியது அவர்கள்தான்!"

"உக்காருங்க," என்றார் நீதிபதி. "அந்தக் கடையை இவங்களுக்கு யார் சொன்னது?"

மெக்கானிக் தன் வக்கீலைப் பார்த்தார். அம்மா தன் வக்கீலைப் பார்த்தார். இரண்டு வக்கீல்களுக்கும் ஒரே சமயத்தில் தங்கள் வழக்குக் கட்டுகளுக்குள் அவசரமாகத் தேட வேண்டிய காகிதம் ஒன்று இருந்தது.

நீதிபதி அப்பாவிடம் திரும்பினார். "நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

"ஒரே ரூம்ங்கம்மா. பார்த்தா பாப்பாவைத் தர மாட்டீங்கன்னு பயம்."

"நீங்க?"

"நான் வேலை விட்டு வர எட்டு மணி ஆயிடும்மா. வீட்டுல ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சா..." என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற மெக்கானிக் தன்னையறியாமல் தலையாட்டினார். இரண்டு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அந்தப் பயம்தான்.

அதன்பின் நீதிபதி மேடத்தை வாஷிங் மெஷின் பற்றியும் பொத்தான் பலகை பற்றியும் விசாரித்தார். "மூணு பசிக்கா?" என்று ஒரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். வாண்டைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். எந்த வீடு பிடிக்கும் என்று கேட்கவே இல்லையாம். இரண்டு வீட்டிலும் என்ன செய்வாய் என்றுதான் கேட்டாராம். வாண்டு வெளியே வந்து மேடத்தின் காதில், "உங்களை மாதிரி கீழ உக்காரச் சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க," என்று புகார் சொன்னாள்.

மதியத்துக்கு மேல் உத்தரவு வந்தது. முழுசாகக் கேட்டவர்கள் இருவருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை. பள்ளி நாட்கள் அம்மாவிடம். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வேலை முடிந்து வரும்வரை தினமும் அப்பா பொறுப்பு. லிஃப்ட் வேலையின் நேரத்தை அவர் மாற்றிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை அப்பா வீடு. விடுமுறை பாதிப் பாதி. கடைசியில், நீதிமன்ற எழுத்தர் இரண்டு முறை சரிபார்த்துத் தட்டச்சு செய்த ஒரு வரி: குழந்தை வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் வாஷிங் மெஷின் ஓடக்கூடாது.

"துணியெல்லாம் எப்ப மேடம் துவைக்கிறது?" என்று வராந்தாவில் அம்மா மேடத்திடம் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி துவைங்க," என்றார் மெக்கானிக், கேட்காமலே. "அன்னைக்கு அவ என்கிட்ட இருப்பா."

அம்மா அவரை முறைத்தார். ஆனால் உத்தரவு நகலின் ஓரத்தில் 'வெள்ளி' என்று குறித்துக்கொண்டார்.

அன்று வீட்டில் கணவர் கேட்டார். "இன்னைக்கு எத்தனை ஆப்பிள்?"

"ஆப்பிளே இல்லை. ஒரு மேசைதான். என்னையே கவுத்துடுச்சு."

"அப்போ ஆம்லெட் போடட்டுமா?"

"போடுங்க. உங்களுக்கு வேற என்ன தெரியும்!"

ஆறு மாதம் கழித்து ஃப்ரிட்ஜ் மேடம் இரண்டு வீடுகளையும் மறுபடி பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது. இந்த முறை தேதியை முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள்.