வேலுத்தாய் சுற்றிய கண்ணாடி இரும்பு

போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் பட்டறை வைத்திருந்த வேலுத்தாய்க்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட இடது கை எதையாவது திருகிக்கொண்டிருக்கும். கணவன் இறந்தபின் அவன் விட்ட வேலையைத் தானே கற்று, ஒன்பது வருடமாகத் தனியாக நடத்திவந்தாள்.

1985 மாசியில், மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்து மெக்கானிக் தவசி ஜீப்பில் வந்து இறங்கினான். அங்கே ஓடைத் தண்ணீரில் ஓடும் சிறிய ஜெனரேட்டர் ஒன்று உண்டு. அதன் மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாகப் போய், ஏலக்காய் உலர்த்தும் அறையின் மின்விசிறியை ஓட்டும்; தண்ணீர் குறைந்தால் விசிறி நின்றுவிடும்.

"டிரான்ஸ்பார்மரு கொதிக்குதுக்கா. வர்ற கொஞ்சக் கரண்டையும் அதுவே தின்னுபுடுது."

"இரும்புல காந்தம் மாறி மாறித் திரும்பும்போது சூடாகத்தான் செய்யும், தவசி."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த தங்கை கணவர் ராஜாராமுக்கு அன்றே கடிதம் போட்டாள்.

பங்குனியில் அவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே வெள்ளி நிறத்தில், தலைமுடியைவிட மெல்லிய உலோக நாடா.

"சோதனையில மிஞ்சுனது மதினி. உருக்குன இரும்புக் கலவைய, வேகமாச் சுத்துற செம்புச் சக்கரத்துல பீச்சுவாங்க. அணுவெல்லாம் வரிசை கட்டுறதுக்குள்ள கண்ணாடி மாதிரி உறைஞ்சிரும். அதனால காந்தம் லேசாத் திரும்பும், சூடு கம்மி. டிரான்ஸ்பார்மருக்குள்ள இருக்குற இரும்புக்குப் பதிலா இத வளையமாச் சுத்தி, ஈயம் உருகுற சூட்டுக்குக் கொஞ்சம் மேல வச்சு ஆறவிடணும். கூடிப்போனா கெட்டுரும்."

அவர் ஊர் திரும்பியதும் முதல் வளையத்தைக் கரியடுப்பில் வைத்தாள். பொறுக்கமாட்டாமல் துருத்தியை ஓங்கி அழுத்தினாள். ஆறியபின் கம்பி சுற்றிப் பார்த்தால் பழைய இரும்பைவிட அதிகம் சுட்டது. பிரித்தெடுக்கையில் நாடா சில்லுச்சில்லாக நொறுங்கியது. பாதி போச்சு. அன்றைக்கு முழுக்கப் பட்டறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை, அடுப்பின்மேல் மணல்சட்டியை வைத்து இரண்டாவது வளையத்தைப் புதைத்தாள். பக்கத்தில் இரண்டு சின்னக் கிண்ணங்கள்: ஒன்றில் ஈயத்துண்டு, மற்றதில் அதைவிட அதிகச் சூட்டில் உருகும் துத்தநாகத்துண்டு. ஈயம் உருக வேண்டும், துத்தநாகம் உருகக் கூடாது. இரண்டு மணி நேரம் கரியைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கழுத்து வலித்தது. துத்தநாகம் அசையவில்லை.

அந்த வளையத்தில் கம்பி சுற்றிச் செய்த டிரான்ஸ்பார்மரை மலையில் மாட்டியதும் மின்விசிறி தயங்கி, பிறகு சுழன்றது. தவசி டிரான்ஸ்பார்மர்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"வெதுவெதுன்னுதான்க்கா இருக்கு!"

"லைட்டுக்கும் இன்னொண்ணு வேணுமே" என்றாள் அவள்.

நாடா இனிக் கிடைக்காது என்று ராஜாராம் எழுதியதை அவள் நம்பவில்லை. மதுரைக்கு ரயிலேறி, அங்கிருந்து பெங்களூர் போனாள். ஆய்வுக்கூடத்தில் அனுமதி வாங்கி, நாடா செய்வதை ராஜாராம் காட்டினார். சிவந்த துளி சக்கரத்தில் பட்டது. சீறல் ஒன்று கேட்டது. தட்டில் நாடா கிடந்தது.

"அம்புட்டுத்தானா? இன்னொரு தடவ ஓட்டச் சொல்லுங்க மாப்ளே."

ஆய்வுக்கூடத்தார் நாடா தரவில்லை. ஆனாலும் அவள் செய்த டிரான்ஸ்பார்மர், மின்வாரியக் கம்பி மலையேறும்வரை நான்கு வருடம் அந்த மின்விசிறியை ஓட்டியது.