கதவுப் புகாரைப் பின்தொடர்பவர்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன். பேய் வர நள்ளிரவு வேண்டும் என்பதெல்லாம் சும்மா... இது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது.

லிஃப்ட்டுகளை இயக்கும் மென்பொருள் எழுதும் கம்பெனி எங்களுடையது. அதில் கதவு என் பொறுப்பு. வேலை வாங்கித் தந்தவர் அக்கா கணவர். அங்கே என் மேலதிகாரியும் அவர்தான். முதல் நாள் என் கணினியைத் தயார் செய்து, கடவுச்சொல்லையும் போட்டுக் கொடுத்தார். கூடப்பிறந்த அண்ணன்கூட இவ்வளவு செய்யமாட்டான் என்று அக்காவிடமே பெருமையடித்திருக்கிறேன்.

பிழைப் புகார்கள் மழையாகக் கொட்டும். எல்லாவற்றையும் யார் படிப்பது? மெயிலில் ஒரு ஃபில்டர் வைத்தேன். புகாரில் ‘கதவு’ என்ற சொல் இருந்தால் போதும், என் பெயரில் தானாகவே சந்தா போய்விடும். புகாரின் அடியில் ‘பின்தொடர்பவர்’ என்று என் பெயர் விழும். அப்புறம் அதில் யார் எது எழுதினாலும் எனக்கு மெயில் வரும்.

மூன்று மாதமாக ஒன்றுகூட வரவில்லை. என் கதவில் குறையே இல்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிறு அலுவலகத்தில் நான் மட்டும். மதியம் 2.10. டிங்... ஒரு கதவுப் புகாரிலிருந்து மெயில். அனுப்பியவர் யாரோ ஒரு மெக்கானிக். ஒரே வரி. “கதவைப் பாருங்கள்.”

யாரோ விளையாடுகிறார்கள் என்று அந்தச் சந்தாவை நீக்கினேன்.

2.11. டிங்... ‘நீங்கள் மீண்டும் சேர்க்கப்பட்டீர்கள்.’ அதே வரி. மறுபடி நீக்கினேன்.

2.12. டிங்...

எரிச்சலில் கணினியை அணைத்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்தேன்.

டிங்...

இந்த முறை சத்தம் வராந்தாவில். லிஃப்ட் கதவு திறந்தது. நான் பொத்தானைத் தொடவே இல்லை.

உள்ளே வைக்கக் காலைத் தூக்கினேன். கையில் போன் அதிர்ந்தது.

“கதவைப் பாருங்கள்.”

பார்த்தேன்.

கதவு மட்டும்தான் இருந்தது. லிஃப்ட் இல்லை.

கீழே... இருட்டு.

எப்படி நாற்காலிக்குத் திரும்பினேன் என்று தெரியாது. கணினியை மறுபடி போட்டு, மெயில் அமைப்புகளைத் திறந்தேன். என் ஃபில்டருக்குக் கீழே இன்னொரு ஃபில்டர். ‘கதவு’ என்று வந்தால் அழித்துவிடு. நான் வைத்ததில்லை. என் கடவுச்சொல் தெரிந்தவர் ஒருவர்தான். அக்கா கணவருக்குப் போன் போட்டேன்.

“அத்தான்... அந்த ஃபில்டர் நீங்க வெச்சதா?”



“புகாரைப் பார்த்தா நீ விடமாட்டே. வேலை முடியற நேரத்துல எல்லாம் நின்னுபோயிரும். அதான்...”

“கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே, அத்தான்!”

போனை வைத்துவிட்டு அழுதேன். பயத்தில் இல்லை.

மறுநாள்தான் அந்தப் புகாரை முழுதாகப் படித்தேன். வேறொரு கட்டடத்தில், லிஃப்ட் வராமலே கதவு திறக்கிறது என்று அந்த மெக்கானிக் எழுதியிருந்தார். விசாரித்தேன். இரண்டு மாதம் முன்பே அவர் அந்தக் குழியில் விழுந்து இறந்துவிட்டார். மறுநாளே அவர் மெயில் கணக்கை மூடிவிட்டார்கள். மூடச் சொன்னது அத்தான். ஞாயிறன்று அதிலிருந்து எதுவும் போகவில்லை என்கிறார்கள்.

இறந்த அன்று காலை அவர் எழுதிய கடைசிக் குறிப்பு, என் பெயருக்கு நேர்மேலே இருக்கிறது.

“கதவுப் பொறியாளர் பின்தொடர்கிறார். இந்நேரம் சரிசெய்திருப்பார். நம்பிப் போகிறேன்.”