குற்றாலத்துக்குப் பால் கேட்கப் போனது

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது ஏழு, பேரப்பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது பதினொன்று. எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும் என்றாலும் இதை நானேதான் எழுதுகிறேன். இப்போது உலகமெல்லாம் நடக்கிற பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்திய வருசம், ஆடி மாதம், சுந்தரபாண்டியபுரத்திலிருந்து குற்றாலம் போய் வந்த விவரம் இது. ஐந்து வருசமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

காலை ஐந்து மணிக்கு மாடசாமியின் வண்டியில் ஏறினோம். என்னோடு மூத்தவன் மகள் கோமதியும் இளையவன் மகன் சங்கரனும். இரண்டுக்கும் நாலு வயது. ஒன்றை விட்டு ஒன்று சாப்பிடாது, தூங்காது.

"ஆச்சி, குளிக்கப் போறியளா, சண்டைக்குப் போறியளா? முகத்தப் பாத்தா ஒண்ணும் வெளங்கலையே" என்றான் மாடசாமி.

"பால் கேக்கப் போறேன். நீ மாட்டப் பாத்து ஓட்டுலே."

பள்ளிக்கூடம் போகிற வயது வராத பிள்ளைகள் எப்படி வளருகின்றன, எப்படிப் பேசி விளையாடுகின்றன என்று ஆராய்ச்சி செய்யப் பட்டணத்திலிருந்து சிலர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். தினமும் காலையில் பிள்ளைகளை மட்டும் ஓர் அறைக்குள் அழைத்து எடை பார்ப்பார்கள், கண்ணையும் பல்லையும் பார்ப்பார்கள், மரக்கட்டைகளை அடுக்கச் சொல்வார்கள். பாதிப் பிள்ளைகளின் கையில் சிவப்பு நூல்; அவர்களுக்கு ஒரு டம்ளர் பசும்பால். மீதிப் பிள்ளைகளுக்கு நீல நூல். அவர்களுக்கு எடை மட்டும். பால் பற்றவில்லை போலிருக்கிறது, முறை மாறி வரும் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

கோமதிக்குச் சிவப்பு. சங்கரனுக்கு நீலம். அவள் தினமும் பாதிப் பாலோடு நிறுத்திக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிறாள், சீசனுக்குக் குற்றாலத்தில் தங்கியிருக்கும், ஆராய்ச்சிக்குத் தலைவியான டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று ஊரில் பால் ஊற்றுகிற நர்ஸம்மா சொல்லி அனுப்பினாள். எனக்கு வேறு காரியம் இருந்தது. சித்திரையிலிருந்து சங்கரன் பொழுது சாய்ந்தால் நிலைப்படியில் தட்டி விழுகிறான். அவனுக்கும் பால் கேட்க வேண்டும்.

ஐந்து மைல் கடந்து தென்காசி சேர ஏழரை ஆயிற்று. உச்சி இடிந்த மொட்டைக் கோபுரத்து வாசலில் காற்று ஆளைத் தள்ளியது. அங்கிருந்து குற்றாலம் மூன்று மைலுக்குச் சற்று மேல். மோட்டாரில் எனக்கு இரண்டணா, பிள்ளைகள் மடியில். பக்கத்தில் எண்ணெய்ப் போத்தலோடு இருந்த கோவில்பட்டிக்காரர் சங்கரனைப் பார்த்து, "பயலுக்கு உடம்பே இல்லையே ஆச்சி, அருவி அடிச்சிட்டுப் போயிரும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எட்டரைக்கு இறங்கினோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவிப் பாதையில் கேட்டுக் கேட்டு நடந்து பங்களாவைப் பிடித்தோம். டாக்டரம்மா நல்ல முகவெட்டான பெண்; நாற்பது இருக்கும். கோமதியைத் தரையில் உட்காரவைத்துக் கட்டைகளைக் கொடுத்தாள். பிள்ளை கோபுரம் கட்டி, உச்சியை இடித்துவிட்டு, "தென்காசி" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பிறகு, அன்றைக்கு எங்களுக்கு முந்தியே அங்கே வந்திருந்த நர்ஸம்மா பால் கொண்டுவந்தாள்.

கோமதி குடித்தாள். நடுவில் நிறுத்தி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்தாலே, ஒனக்கு" என்று சங்கரனிடம் நீட்டினாள்.

நர்ஸம்மா பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினாள். "அவன் நீல நூலு. அவனுக்குக் கூடாது."

பிள்ளையின் கை நீட்டினபடி நின்றது. ஊரிலும் கோமதி மிச்சப் பாலை வீட்டுக்குக் கேட்பாளாம்; இவள் அதை அளந்து எழுதிவிட்டுக் கீழே கொட்டுவாளாம். அவள் சொல்லித்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

"இவனுக்கு முறை எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"முறை கிடையாது, பாட்டி" என்றாள் டாக்டரம்மா. "பால் குடிக்கிற குழந்தை எவ்வளவு வளருது, குடிக்காத குழந்தை எவ்வளவு வளருதுன்னு பார்க்கணும். அப்பத்தான் எல்லாக் குழந்தைக்கும் பால் கொடுங்கன்னு சர்க்கார் கிட்ட கேக்க முடியும்."

"அப்பம் பால் இருக்கு. வேணுமின்னேதான் குடுக்கல."

"ஆமாம்." அவள் பொய் சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

"இவன் அந்தி சாஞ்சா தடவுதான், தாயி. கண்ணப் பாருங்க."

"தெரியும். மாலைக்கண் ஆரம்பம்னு போன மாசமே எழுதியிருக்கோம்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்திய?"

"இன்னும் ஆறு மாசம் பொறுங்க. நடுவில மாத்தினா எல்லாம் வீணாயிடும். இந்தப் பொண்ணை மட்டும் தனியா உட்கார்ந்து குடிக்கச் சொல்லுங்க, போதும்."

"ஒங்க வீட்டுல பந்தி போட்டா, ஒரு இலையில சோத்த வச்சி, பக்கத்து இலைய வெறுமன விட்டு, ரெண்டு பேரும் எப்படி இருக்காவன்னு பாப்பியளா? பந்தியில வஞ்சன பண்ணுனவ கையால எம்பேத்தி குடிக்க மாட்டா."

டாக்டரம்மா அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பேரருவி. எண்ணெய் பளபளக்க எத்தனை கொழுத்த முதுகுகள். பொம்பளைகள் பக்கம் நின்று இரண்டையும் குளிப்பாட்டினேன். கையில் கட்டின நூல்களைப் பல்லால் கடித்து அறுத்துத் தண்ணீரில் விட்டேன். ஈரத்தில் எது சிவப்பு, எது நீலம் என்று தெரியவில்லை.

ஊர் திரும்ப ஐந்து மணி. அன்று சாயந்திரமே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை சிவப்பு நூல் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு நீல நூல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது, பின்னால் தாய்மார்கள். எல்லாருக்கும் ஊற்று, இல்லாவிட்டால் எடை பார்க்காதே என்றோம். நர்ஸம்மா கதவைப் பூட்டினாள். அந்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பாலும் போயிற்று.

"ஒம் பேரனுக்கு இல்லன்னு ஊருக்கே இல்லாம ஆக்கிட்டியே ஆச்சி" என்று பேச்சியம்மாள் தெருவில் நின்று கேட்டாள். அவள் மகளுக்குச் சிவப்பு நூல். அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் இன்றைக்கு அதே கதவு முன்னால் நின்றாலும் அதைத்தான் செய்வேன். என் வீட்டில் கூழ் காய்ச்சினாலும் எல்லா வட்டிலுக்கும் ஒரே அகப்பைதான்.

இப்போது எல்லாப் பிள்ளைக்கும் பால் வந்துவிட்டதா? சர்க்காரிடம் சொன்னார்களா? யாரும் எங்களுக்கு வந்து சொல்லவில்லை. முருங்கைக்கீரையும் ஆட்டுப்பாலும் கொடுத்துப் பார்க்கிறேன். பகலில் சங்கரன் எதையும் தெளிவாகப் பார்ப்பான்.

ஏலே சங்கரா, இங்கன வா. இதை முதலிலிருந்து வாசி. வேகமா வாசிலே, வெயில் இறங்குது.