ஓரகத்திக்கு மட்டும் கேமராவா?

எதிர்க் கடையில் ஐந்தாவது ஆள் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், தெயோலிந்தாவின் கத்தி மத்தி மீன்மேல் சறசறவென்று ஓட ஆரம்பித்துவிடும். செதில் பறந்து முடியில் ஒட்டும். துடைக்க மாட்டாள். எதிர்க் கடைக்காரி கிராசியெத், இவள் கணவனுடைய தம்பியின் மனைவி. போர்ச்சுகலின் செத்தூபல் மீன் சந்தையில் இரண்டு பேருக்கும் நடுவே நான்கடி ஈரத்தரை. கிராசியெத் புது ஏப்ரன் கட்டினால் அடுத்த வாரம் இவளுக்கும் புதிது வந்துவிடும். அவள் மகனுக்கு லிஸ்பனில் வேலை கிடைத்த அன்று, இவள் தன் மகனோடு பேசாமலே இருந்தாள்.

போன வசந்தத்தில் ஓரகத்திக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் உறை வந்தது. ஐம்பது தாண்டியவர்களுக்கு வருவதுதான். குச்சியால் மலத்தைத் தொட்டு அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தெயோலிந்தாவுக்கும் வந்தது. "சீ, இதையெல்லாமா தபால்ல அனுப்புவாங்க?" என்று குப்பையில் போட்டாள். கிராசியெத் அனுப்பினாள், ரத்தம் இருக்கிறதென்று பதில் வந்தது. மூன்று வாரத்தில் குடலுக்குள் கேமரா விட்டு, சின்னச் சதை வளர்ச்சி இரண்டை எடுத்துவிட்டார்கள்.

சந்தையே எதிர்க் கடையில் திரண்டது. ஒருத்தி சூப் கொண்டுவந்தாள், ஒருத்தி உட்கார நாற்காலி போட்டாள். தெயோலிந்தாவுக்கு வயிறெரிந்தது.

"உனக்கு ரத்தம் வந்துச்சா?"

"கண்ணால பாத்ததே இல்லக்கா."

"வலி?"

"ஒண்ணுமே இல்ல."

தெயோலிந்தாவுக்கு நாலு மாதமாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. காலையில் மூன்று தடவை ஓட வேண்டியிருந்தது. போனாலும் வயிறு காலியான மாதிரி இருக்காது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். ஜனவரியில் ஒரு மருத்துவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் "மூலம்தான்" என்று களிம்பு எழுதித் தந்தார். அதற்குமேல் கேட்க அவளுக்கும் கூச்சம். இப்போது அந்தக் கூச்சத்தைப் பொறாமை தின்றுவிட்டது.

மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு பெண் மருத்துவர் முன்னால் மீன் வாடையோடு உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே இல்லாதவளுக்குக் கேமரா வுட்டிருக்கீங்க. எனக்கு ஏன் இல்ல?"

மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன பண்ணுது, சொல்லுங்க" என்றார்.

தெயோலிந்தா சொன்னாள். ரத்தத்தின் நிறம், ஊக்கு, ஓட்டம், எல்லாவற்றையும். வீட்டில் யாருக்காவது குடலில் நோய் இருந்ததா என்று கேட்டபோது, இருந்தாற்போலிருந்து அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பாவுக்கு. அதுலதான் போனாரு."

மருத்துவர் கையுறை போட்டுப் பரிசோதித்தார். ரத்தச் சோதனையில் சோகை தெரிந்தது. அவசரம் என்று எழுதிய சீட்டில், பத்தாம் நாள் கேமராவுக்குத் தேதி கிடைத்தது. மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஆள் வேண்டும். கணவன் படகில் போயிருந்தான். வேறு வழியில்லாமல் ஓரகத்தியைத்தான் கூட்டிப்போனாள்.

மயக்கம் தெளிந்ததும், கேமரா விட்ட மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: கட்டி இருக்கிறது, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அறுவை செய்ய வேண்டியிருக்கும். கிராசியெத் விசும்பத் தொடங்கினாள். தாதி ஓடிவந்து அவள் தோளைத் தடவினாள்.

"கட்டி எனக்கு" என்றாள் தெயோலிந்தா, கட்டிலிலிருந்து. "இங்க வா. இந்தத் தோளத் தடவு."

புற்றுதான். ஆனால் குடலைத் தாண்டவில்லை. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். ஏழு வாரம் இரண்டு கடையையும் கிராசியெத்தே பார்த்தாள். திரும்பிவந்த தெயோலிந்தா முதலில் விசாரித்தது, எந்தக் கடையில் அதிகம் விற்றது என்று.

இப்போதும் கனமான பெட்டி தூக்கக் கூடாது. ஓரகத்திதான் தூக்கித் தருகிறாள். நன்றி என்ற வார்த்தை இவள் வாயில் வந்ததில்லை. "அவளோடது பட்டாணி ரெண்டு. என்னோடது எலுமிச்சம்பழம்" என்று மட்டும் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வாள்.

போன செவ்வாய்க்கிழமை, ரொட்டி விற்கும் லுசீனியா எதிர்க் கடையில் குனிந்து கிராசியெத்தின் காதில் ஏதோ சொன்னாள். ரத்தம் என்ற ஒரு சொல் மட்டும் இந்தப் பக்கம் கேட்டது. தெயோலிந்தா கத்தியை ஐஸில் குத்திவிட்டு நான்கடியைக் கடந்தாள்.

"அவகிட்ட என்னத்தக் கேக்குற? அவளுக்கு என்ன தெரியும்?"

லுசீனியாவின் முழங்கையைப் பிடித்துத் தன் கடைக்கு இழுத்துவந்து, காலி மீன்பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்தாள். வாடிக்கைக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள்:

"எத்தன நாளா?"