வடக்குப் பார்த்துக் கொடுத்த விண்ணப்பம்

மாத்தறைப் பக்கம் எங்கள் ஊரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற விமலதாச, சுபநேரம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ளாதவர். வீட்டுக் காணியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால்தான் மகள் நிலூஷிக்கு வீடு கட்ட வங்கிக் கடன் கிடைக்கும். பிரிப்பதற்கு நகர சபை அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை வடக்குப் பார்த்து நின்று கொடுக்கும்படி சோதிடர் சொல்லிவிட்டார். நகர சபை ஜன்னல் முன்னால் நின்றாலோ முகம் தெற்கே இருக்கும்.

"மிஸ், நீங்க வெளியே வாங்க. நான் உள்ளே நின்னு தர்றேன்."

குமாஸ்தா சந்திராணி சிரிக்கவில்லை. வேலையில் சேர்ந்த அன்று சுபநேரத்துக்காக வாசற்படியில் காத்து நின்றவர் அவர். "சீக்கிரம் அங்கிள், நேரம் போகுது" என்று எழுந்து வெளியே போனார்.

விமலதாச உள்ளேயிருந்து நீட்ட, சந்திராணி வெளியே நின்று பக்தியோடு வாங்கினார். காரியம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நாற்காலி காலியாக இருந்தது, மேலே மின்விசிறியும் ஓடியது. விமலதாச உட்கார்ந்துவிட்டார்.

"அங்கிள், அந்த முத்திரையை இதுல குத்துங்க" என்று சந்திராணி விண்ணப்பத்தை உள்ளே நீட்டினார்.

விமலதாச கண்ணாடியை மாட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"வரைபடத்துல நில அளவையாளர் கையெழுத்து எங்கே?"

"ஐயோ, அது உங்க விண்ணப்பம்!"

"யாரோடதா இருந்தா என்ன? குறை குறைதான். சரி பண்ணிட்டு வாங்க."

அப்பாவோடு வந்து, சந்திராணிக்குப் பின்னால் நின்ற நிலூஷி பதறிப்போனாள். "அப்பா! அடுத்த சுபநேரம் அடுத்த மாசம்தானே இருக்கு!"

"அப்போ அடுத்த மாசம் வா" என்றார் விமலதாச.