சிஸ்டர் வண்டிக்குக் குட்டை கியர்

சிஸ்டருக்குப் பாதி வேலை வண்டியில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளிகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார்களா என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். பின்சீட்டில் கட்டுத்துணிப் பெட்டி, கையுறைப் பெட்டி, போட்ட ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா. பக்கத்துச் சீட்டில் தண்ணீர் பாட்டிலும் மழைக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும். கார் சின்னது, வெள்ளை, கையால் கியர் போடுகிற வகை.

ஆள் குள்ளம். கிளட்சை முழுசாக மிதிக்க வேண்டுமானால் சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டினாற்போல் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அப்படி உட்கார்ந்தால் கியர் ராடு இடுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டாவது கியரும் நாலாவது கியரும் இடுப்புக்கும் பின்னால் போய்விடும். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. முழங்கையைப் பின்னால் தள்ளி ஒரு இழுப்பு, போய் விழுந்துவிடும். ஓட்டுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மற்றவர்கள் நாலு தடவை முன்னும் பின்னும் போகிற சந்தில் ஒரே மூச்சில் வண்டியைச் சொருகிவிட்டு இறங்குவாள். இறங்கும்போது யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் ஒரு நோட்டம் விடுவாள்.

அப்புறம்தான் தோள் இறுகியது. கியர் போடுகிற கையின் தோள். விழவில்லை, அடிபடவில்லை, எதையும் தூக்கிச் சுளுக்கிக்கொள்ளவுமில்லை. ஒரு காலையில் சீருடையின் முதுகு ஜிப்பை இழுக்கப் போனபோது கை பாதியிலேயே நின்றுவிட்டது.

எலும்பு டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். “தானா வந்தது, தானா போகும். ஆனா சொன்ன உடனே போகாது. வருஷம் ஆகலாம். சுவத்துல விரலை ஏத்துற பயிற்சியை மட்டும் விடாம செய்யுங்க” என்றார்.

அடுத்த முறை போனபோது, “தினமும் செய்றீங்களா?” என்று கேட்டார்.

“செய்றேன் டாக்டர்” என்றாள். தினமும் நோயாளிகள் அவளிடம் சொல்லி மாட்டிக்கொள்கிற அதே பொய். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கும் புரிந்துவிட்டது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான், ஆனால் கை சும்மா இருக்காது. தலைக்கு மேலே அவள் கை போகாததால், காலையில் அவளுக்குத் தலை வாரிக் கொண்டை போடுவது அவன் பொறுப்பாயிற்று. முதல் வாரம் கொண்டை காதுக்குப் பக்கத்தில் சரிந்து நின்றது. இரண்டாவது வாரம் அவன் போட்ட கொண்டை குலுக்கினாலும் அசையவில்லை. “என்னங்க, இதுல லிஃப்டைத் தொங்கவிடப் போறீங்களா? கொஞ்சம் தளர்த்துங்க, கண்ணு மேல ஏறுது” என்பாள்.

வீட்டில் சமாளித்துக்கொண்டாள். வண்டியில் முடியவில்லை. ஒரு நாள் ஏற்றத்தில், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுக்கும்போது, தோளில் யாரோ கத்தியைச் சொருகித் திருகியது போலிருந்தது. கை பாதியில் விட்டுவிட்டது. வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் நின்ற வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி முதல் கியரைப் போட்டு ஏற்றம் முடிகிற வரை இன்ஜின் கதறக் கதற அதிலேயே ஏறினாள். பயத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையும் தங்கை புருஷனும் சாப்பிட வந்தார்கள். தங்கை புருஷனுக்குக் குடும்பத்தில் டர்போ என்று பெயர். கார்களுக்கு அலங்காரச் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறான். அவனுடைய காரை ஸ்டார்ட் செய்தால் தெருக்கோடியில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். அவனுக்கும் அவன் சகலையான லிஃப்ட் மெக்கானிக்குக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. பகை என்று ஒன்றுமில்லை. ஒருவன் சரி என்றால் மற்றவன் தலை தானாக இடவலமாக ஆடும், அவ்வளவுதான்.

ஏற்றத்தில் நடந்ததைக் கேட்டதும் தங்கை, “பேசாம வித்துட்டு ஆட்டோமேட்டிக் வாங்கிக்கோக்கா” என்றாள்.

“போடி. எல்லாத்தையும் அதுவே போட்டுக்கும்னா நான் எதுக்கு உள்ள உட்கார்ந்திருக்கேன்?”

டர்போ தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். “அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. ஷார்ட் ஷிஃப்டர் போடுங்க. கியர் ராடு ஆடுற தூரம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடும். டக், டக். மணிக்கட்டை அசைச்சாப் போதும். என் வண்டில போட்டிருக்கேன்ல.”

“தூரம் குறைஞ்சா பாரம் கூடும்” என்றான் லிஃப்ட் மெக்கானிக், சாப்பாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நெம்புகோல் கணக்கு. சும்மா எதுவும் கிடைக்காது. வலிக்கிற கைக்கு இன்னும் பாரத்தை ஏத்தச் சொல்ற.”

“சகலை, அதெல்லாம் பேப்பர்ல. ஓட்டிப் பார்த்தா தெரியும்.”

“பேப்பர் வேண்டாம். இப்பவே பார்ப்போம்.”

கை கழுவியதும் இருவரும் வாசலுக்கு இறங்கிவிட்டார்கள். பயணப் பை எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. அதை முதலில் வெள்ளைக் காரின் கியர் ராடில் மாட்டி இழுத்தார்கள், பிறகு டர்போவின் காரில். மெக்கானிக் சொன்னதுதான் சரி. டர்போவின் வண்டியில் முள் ஒன்றரை மடங்கு ஏறியது. மெக்கானிக் தராசை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சிஸ்டர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு பேரும் என் கையைத் தவிர எல்லாத்தையும் அளந்தாச்சா?” என்றாள். “டர்போ, நாளைக்கு உன் சாவியைக் கொடு. நீ என் வண்டில கடைக்குப் போ.”

டர்போவின் முகம் போன போக்கைப் பார்த்துத் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சிஸ்டர், தரையோடு தரையாக ஓடும் டர்போவின் சிவப்புக் காரில் வேலைக்குப் போனாள். முதல் வீடு, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருடையது. காலில் ஆறாத புண். சத்தத்தைக் கேட்டு ஜன்னலைத் திறந்தவர், இறங்கியது யார் என்று பார்த்ததும், “என்ன சிஸ்டர், வேலையை விட்டுட்டுப் பந்தயத்துல இறங்கிட்டீங்களா?” என்றார்.

“காலை நீட்டுங்க. வாயை அப்புறம் பார்த்துக்கலாம்.”

அன்று முழுக்க அவள் தன் தோளையே கவனித்துக்கொண்டிருந்தாள், ஒரு நோயாளியைக் கவனிப்பதுபோல. கியர் கனமாகத்தான் இருந்தது. ராடு போய் விழும்போது உள்ளங்கையில் ஒரு இடி. மேடு பள்ளத்தில் பின்சீட்டுப் பெட்டிகள் எல்லாம் குதித்தன. ஆனால் இரண்டாவது கியர் இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. முழங்கை விலாவை விட்டு விலகவே இல்லை. பலமாக இழுக்க வேண்டியிருந்தது, வலிக்கவில்லை. மதியத்துக்குள் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் தோளுக்குப் பாரம் ஒரு பொருட்டே இல்லை. கை பின்னால் போகிற அந்தக் கடைசி இரண்டு விரல்கடைத் தூரம்தான் உயிரை எடுத்தது.

மாலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, “வண்டி மகா மட்டம்” என்றாள் டர்போவிடம். “கியர் மட்டும் நல்லாருக்கு. எனக்கு ஒண்ணு கொண்டு வா. இவ்வளவு முரடா வேண்டாம், இருக்கிறதுலயே சாதுவானது.”

கணவனிடம் திரும்பினாள். “நீங்க சொன்ன கணக்கு சரி. ஆனா பாரம் எனக்கு வலிக்கல. தூரம்தான் வலிக்குது.”

அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்து மெல்லப் பின்னால் நகர்த்தினான். எங்கே முகம் சுளித்தாளோ அங்கே நிறுத்தினான். “சரி, நானே மாட்டுறேன்” என்றான். “ஆனா ஒண்ணு. தூரம் குறைஞ்சிடுச்சுன்னு படார் படார்னு போடக் கூடாது. கியர் பெட்டி அதே பழைய பெட்டிதான். அதுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கணும்.”

“நான் என்ன டர்போவா?”

அடுத்த விடுமுறை நாளில் மாட்டினான். பழைய ராடைக் கழற்றியபோது அடியில் இருந்த புஷ் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்து பிசுபிசுவென்று கையோடு வந்தது. ராடு இத்தனை நாள் கஞ்சிக்குள் கரண்டி விட்ட மாதிரி ஆடியதற்கு அதுவும் ஒரு காரணம். அதையும் புதிதாகப் போட்டான். முடிந்ததும் சிஸ்டர் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இறங்கும்போது முகமே சொல்லிவிட்டது.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டாள். முட்டுச் சந்து ஒன்றின் கடைசி வீட்டில் கட்டு மாற்றிவிட்டு வண்டியில் ஏறினாள். ரிவர்ஸ் விழவில்லை. அழுத்திப் பார்த்தாள், கிளட்சை விட்டு மறுபடி மிதித்துப் பார்த்தாள், நயமாகக் கெஞ்சியும் பார்த்தாள். முன்னால் சுவர். போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். அவன் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது.

“ரிவர்ஸை எங்க வச்சீங்க?”

“இருந்த இடத்துலதான் இருக்கும்.”

“நான் தேடிட்டேன். இல்லை.”

“கியர் கேபிளை ஒரு நூல் தள்ளி முடுக்கிட்டேன்போல. முன்னாடி போற கியருக்குப் பரவாயில்லை, ரிவர்ஸ் எட்டாது. அங்கயே இரு, வரேன்.”

“இருந்தா அடுத்த வீட்டுல இன்சுலின் யாரு போடுறது?”

போனை வைத்துவிட்டு இறங்கி நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். நோயாளியின் மகனும் மருமகளும் வந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் தூரிகையை வைத்துவிட்டு இறங்கி வந்தார். சிஸ்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டரில் பேசுகிற குரலில் உத்தரவு போட்டாள். “முகப்பு விளக்குல கை வைக்காதீங்க. எல்லாரும் ஒண்ணா. நான் சொன்னதும். தள்ளுங்க.” சந்து முழுக்க அவளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். மருமகள் நடுவில் சிரித்துவிட்டதில் வண்டி ஒரு முறை நின்றது. பெரிய தெருவுக்கு வந்ததும் முதல் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அன்று மிச்சமிருந்த வீடுகளில் எல்லாம், பின்னால் எடுக்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்துத் தள்ளி நிறுத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மாலையில் அவள் வீடு சேர்ந்தபோது கணவன் வாசலில் காத்திருந்தான். டர்போவும் தங்கையும் வந்திருந்தார்கள். சிஸ்டர் போனில் சொன்னதைத் தங்கை அவனிடம் சொல்லிவிட்டிருந்தாள். “சகலை, பூட்டு நட்டை நீங்க கடைசியில முடுக்கினீங்களா, முதல்லயா?” என்று கேட்டான் டர்போ. மெக்கானிக் ஸ்பானரை அவன் கையில் கொடுத்தான். ஒருவன் உள்ளே உட்கார்ந்து ராடை ஆட்ட, ஒருவன் முன்பக்கம் குனிந்து கேபிளை நகர்த்த, “இன்னும் கொஞ்சம்”, “போதும் சகலை”, “இன்னும் ஒரு நூல்” என்று இருவரும் சேர்ந்து ஒரு வேலையை முடித்தார்கள். அக்காவும் தங்கையும் ஜன்னலில் நின்று இந்த அதிசயத்தைப் பார்த்தார்கள்.

“தப்பு என்னோடதுதான்” என்றான் கணவன், கையைத் துடைத்துக்கொண்டே. “ஒரு வாட்டி ரிவர்ஸ் விழுந்ததும் போதும்னு விட்டுட்டேன். வண்டி சூடானதும் திரும்பவும் போட்டுப் பார்த்திருக்கணும்.”

“எனக்கென்ன கஷ்டம், நான் உள்ள உட்கார்ந்துதானே இருந்தேன்” என்றாள் சிஸ்டர். “தள்ளினவங்கதான் பாவம்.”

அதன்பிறகு கியர் தகராறு செய்யவில்லை. குளிர்காலக் காலைகளில் முதல் இரண்டு தெரு வரை முரண்டு பிடிக்கும். முன்பு கேட்காத ஒரு முனகல் கியர் பெட்டியிலிருந்து உள்ளே கேட்கும். அதையெல்லாம் அவள் பழகிக்கொண்டாள். சுவரில் விரலை ஏற்றுகிற பயிற்சியையும் பொய் சொல்லாமல் செய்தாள். அடுத்த கோடையில் முதுகு ஜிப்பைத் தானே இழுத்தாள். கொண்டையை மட்டும் கணவனே போடட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் போடுவது சாயங்காலம் வரை கலைவதில்லை.

“தோள்தான் சரியாயிடுச்சே, பழைய ராடை மாட்டிடவா?” என்று அவன் ஒரு நாள் கேட்டான்.

“எதுக்கு? வலிக்காகப் போட்டேன். இப்போ பிடிச்சிருக்கு, வச்சிருக்கேன்.”

இதற்குள் டர்போ அவளை விளம்பரமாக்கிவிட்டிருந்தான். ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா வேண்டாமா என்று தயங்குகிற வாடிக்கையாளர்களிடம், “எங்க அண்ணி நர்ஸ், அவங்களே போட்டிருக்காங்க, கேட்டுப் பாருங்க” என்று அவள் எண்ணைக் கொடுத்துவிடுவான். ஒரு மதியம், கட்டுத்துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு இளைஞன் போனில் வந்தான்.

“உங்களுக்கு என்ன பண்ணுது?” என்றாள் சிஸ்டர்.

“ஒண்ணும் பண்ணலைங்க. ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் போட்டிருக்காங்க.”

“கியர் ஒழுங்கா விழுதா?”

“விழுது.”

“சீட்டுல உட்கார்ந்தா கை எட்டுதா?”

“நல்லா எட்டுதுங்க.”

“அப்புறம் எதுக்கு அது? போனை வச்சிடுங்க, எனக்கு வேலை இருக்கு” என்றாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடியே, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும்படி நோயாளிக்குக் கண்ணைக் காட்டினாள்.