ஓவர் சொல்லும்வரை

எனக்கும் ‘க’ என்ற எழுத்துக்கும் பிறந்ததிலிருந்தே ஆகாது. மற்ற எழுத்துகள் தள்ளினால் எப்படியோ நகரும். ‘க’ மட்டும் சண்டிமாடு, நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். எழுதும்போது பாருங்கள், எவ்வளவு வாய் எனக்கு! பேனா திக்காது. வாய்தான் திக்கும்.

திக்குவதுகூடப் பழகிவிட்டது. உதவிக்கு வருபவர்கள்தான் தொல்லை. பாதிச் சொல்லில் நான் நின்றால் மீதியை ஆளாளுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். அதில் முதல் ஆள் என் அண்ணன். கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தங்கமான மனுஷன். பள்ளிக்கூடம், கிளினிக், கடை, எங்கே நான் வாயைத் திறந்தாலும் முடித்து வைப்பவர் அவர். பாசம்தான், தெரியும். முப்பத்தாறு வயதிலும் என் பேச்சை இன்னொருவர் பேசினால் எரிச்சல் வராதா?

செரண்டாவில் எனக்குத் தொழிற்சாலை வேலை. ஒருநாள் அங்கே கென்டீனில், ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவர் கையடக்க ரேடியோ செட்டை மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் வேறு வேறு ஊர்களில் உட்கார்ந்திருந்த ஆட்கள் மலாயும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசி முடித்து ‘ஓவர்’ சொல்லும்வரை இன்னொருவர் வாயே திறக்கவில்லை. நாலு பேர் இருந்தால் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் பிறந்தவள் நான். சாப்பாட்டை மறந்து கேட்டேன். ஒருவர் பொத்தானை அமுக்கியிருக்கும்வரை மற்றவர் நடுவில் புக முடியாதாம். அது போதாதா எனக்கு?

அப்படிப் பேச உரிமம் வேண்டும், அதற்கொரு பரீட்சை. அதுவும் எழுத்தில்தான். ஊதித் தள்ளிவிட்டேன். ஒரு செட் வாங்கினேன். உரிமம் வந்தது, கூடவே எனக்கான அழைப்புக்குறியும் வந்தது. காற்றில் அதுதான் என் பெயர். எழுத்துக்கு ஒரு சொல் வைத்து அதைச் சொல்ல வேண்டும். டபிள்யூ என்றால் விஸ்கி, கே என்றால் கிலோ. முழுக் குறியையும் இங்கே எழுத மாட்டேன். அதில் ஒரு கே இருந்தது, அவ்வளவுதான். என் தலையெழுத்தைப் பார்த்தீர்களா!

அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, என் குறியை “நைன் விஸ்கி டூ” என்று ஆரம்பித்துப் பழகினேன். அம்மா கதவைத் தட்டினார்.

“காலங்காத்தால விஸ்கியா? அதுவும் ஒம்பதா?”

புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீடு பள்ளத்தில், சிக்னல் எட்டாது. அண்ணன் எங்கிருந்தோ குலை அறுக்கும் பழைய அலுமினியக் கழி ஒன்றைக் கொண்டுவந்து, உச்சியில் ஏரியலைக் கட்டி, பின்வாசலில் நட்டுக் கொடுத்தார். குன்றின் மேலுள்ள ரிப்பீட்டர் என் குரலைப் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிடும். இனிக் குரல் வர வேண்டியதுதான் பாக்கி.

ரேடியோவில் ஞாயிறு காலைக் கூட்டத்தை நடத்துபவர் கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய். முகம் பார்த்ததில்லை. அவர் பேசும்போது பின்னால் தட்டுச் சத்தம் கேட்கும். மூன்று ஞாயிறு பொத்தானை அமுக்கினேன். மூன்று முறையும் ‘நைன்’ என்பதற்கு முன்பே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் பாய் சொல்வார்: “யாரோ அமுக்கிட்டுப் பேசாம போறீங்க. பரவால்லலா. நாங்க இங்கதான் இருக்கோம்.” எரிச்சலின் நிழல்கூட அந்தக் குரலில் இல்லை. விளையாட்டுப் பிள்ளையின் வேலை என்று அவர் திட்டியிருந்தால் நான் அன்றே விட்டிருப்பேன்.

நான்காவது ஞாயிறும் முடியாவிட்டால் செட்டை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மா வழக்கம்போல் கோப்பி கொடுத்தார். வழக்கம்போல் ஒரே மூச்சில் விழுங்கினேன். முந்தின இரவுக் காற்றில் கழியின் கட்டு அறுந்திருந்தது. அண்ணன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, பின்வாசலில் செட்டோடு உட்கார்ந்திருந்த என் பக்கத்திலேயே நின்றார். இதையும் அவர் முடித்து வைத்துவிடுவாரே!

“அண்ணே, லைசன் இல்லாதவங்க குரல் காத்துல போகக்கூடாது. வாயத் தொறந்தீங்க, சம்மன் வந்துரும்,” என்றேன். இதைச் சொல்லி முடிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. சம்மன் என்றால், அபராதம் கட்டியே சலித்த லோரிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார்.

அமுக்கினேன். “நைன் விஸ்கி டூ” வந்துவிட்டது. அடுத்து, மாடு படுத்துவிட்டது.

ஆனால் பொத்தானை விடவில்லை. அமுக்கியிருக்கும்வரை எதிர்ப்பக்கம் எனக்குக் கேட்காது. இரக்கப்படும் முகம் இல்லை, கடிகாரம் பார்க்கும் கண் இல்லை. அண்ணனைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியும். அவர் வாயிலேயே நிற்கிறது. விழுங்கினார். எனக்காக என் அண்ணன் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

“க்... க்... கிலோ.”

மீதி எழுத்துகள் தானாக உருண்டு வந்தன. “ஓவர்,” என்று விரலை எடுத்தேன்.

பாய் என் குறியை முதலெழுத்து முதல் கடைசிவரை நிதானமாகத் திருப்பிச் சொன்னார். “முழுசா வந்துருச்சு தங்கச்சி. அவசரமே இல்ல. இங்க யாரும் எங்கயும் போகல.” அடுத்து தஞ்சோங் காராங்கிலிருந்து ஒருவர் சிரித்தார்: “மூணு வாரமா அந்தச் சத்தமில்லாத ஆளு யாருன்னு தேடிக்கிட்டு இருந்தோம்லா!” யாரும் ‘ஐயோ பாவம்’ சொல்லவில்லை, ‘கிலோவா?’ என்று எடுத்துக் கொடுக்கவில்லை. பாய்க்குப் பின்னால் அன்று தட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கடை வாசலில் ஆள் காத்திருக்க, தட்டை இறக்கி வைத்துவிட்டு ஊர்பேர் தெரியாத ஒருத்தியின் ஒரு சொல்லுக்காக நின்ற அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

உள்ளே வந்ததும் அம்மா மறுபடி கோப்பி ஊற்றினார். அந்தக் குவளையைப் பார்த்ததும் எனக்கு எஸ்டேட் கடை ஞாபகம் வந்தது. ஏழு வயது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ‘கோலா’ என்று சொல்ல ‘கோ’ வரை வந்தேன். “கோப்பி!” என்று அண்ணன் முடித்தார். பாப்பாவுக்குக் கோப்பி என்றால் உயிர் என்று வீட்டில் அன்றைக்கு முடிவானது.

“அண்ணே, எனக்கு... க்...”

பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டார். ஏதோ சொல்ல வந்த அம்மாவையும் கையமர்த்தினார்.

“...க் கோப்பி புடிக்காதுண்ணே. சின்னப் புள்ளையிலருந்தே புடிக்காது.”

அம்மாவின் கையில் கேத்தில் அப்படியே நின்றது. அண்ணன் என் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“அவ்ளோதானா? இன்னும் இருக்கா?”

“நெறைய இருக்கு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். “சொல்லு. நீ ஓவர் சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.”